சும்மா வாங்காத ஆள்

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நம் கையில் ஏதாவது வந்துவிடும். சீதாப்பழம், கொய்யா, எலுமிச்சை, எது இருக்கிறதோ அது. ஒன்றும் இல்லாவிட்டால் நம் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கமாட்டார். நாம்தான் பின்னால் ஓட வேண்டும்.

பேர் தெரியாது. ஜமுனாமரத்தூர் சந்தையில் மூட்டை தூக்குவார். பஸ் மேலே ஏற்றுவார், இறக்குவார். சொந்த ஊர் கீழே அமிர்திப் பக்கம் என்பார்கள். ஏன் மலைக்கு வந்தார் என்று நான் கேட்டதில்லை. நான் அதிகம் கேட்கிற ஆள் இல்லை.

ஊரில் அவரைப் ‘பதிலுக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். “பதிலுக்கு இத்த வெச்சிக்கோ” என்று தினமும் யாரிடமாவது சொல்வார். அதனால் வந்த பேர். அவர் எல்லாரையும் அண்ணா என்பார். எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. என்னையும் அண்ணா என்றார். பெண்கள் எல்லாரும் யம்மா.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் ஊசி போட்டார். இவர் வெளியே வந்து டாக்டருடைய வண்டியைக் கழுவினார். உள்ளேயும் வெளியேயும் கழுவினார். சாயங்காலம் டாக்டர் உதைத்து உதைத்துப் பார்த்தார். வண்டி கிளம்பவில்லை.

“யாருய்யா இதுல தண்ணி ஊத்துனது?”

“நான்தாண்ணா. ஊசி போட்டீங்க இல்ல.”

“அடுத்த தடவ காய்ச்சல் வந்தா வேலூருக்குப் போய்டு.”

ஒரு கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்காமல் விட்டுவிட்டார். பாவம், தெரியாமல் செய்துவிட்டார். மலை இறங்கி முடிக்கிற வரைக்கும் இவர் துண்டை நனைத்து எல்லா ஜன்னலையும் துடைத்துக்கொண்டே வந்தார். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினவர்களையும் சேர்த்துத் துடைத்தார். அடுத்த தடவை கண்டக்டரே ஓடிவந்து டிக்கெட்டைக் கையில் திணித்தார்.

ஒரு தேர்தலில் ரெண்டு கட்சிக்காரர்களும் அவருக்கு வேட்டி கொடுத்துவிட்டார்கள். மனுஷன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “ஓட்டு ஒண்ணுதான் கீது, வேட்டி ரெண்டு வந்துடுச்சே” என்று டீக்கடையில் புலம்பினார். கடைசியில் ஒருத்தருக்கு ஓட்டுப் போட்டார். இன்னொருத்தர் வீட்டுக்குப் போய்ச் சுவருக்கு வெள்ளை அடித்தார். யாருக்கு ஓட்டு, யாருக்கு வெள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஓட்டு ரகசியம் என்பார்கள். அவர் விஷயத்தில் அது இல்லை.

அரசாங்கம் பொங்கலுக்குப் பை கொடுத்தால் மலை ரோட்டில் பள்ளம் பார்த்து ஜல்லி கொட்டுவார். ஏன் என்று கேட்டால், “அரசாங்கம் எங்க கீதுன்னு தெரியல. ரோடு அவங்களுதுதானே” என்பார்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதற்கு மேல் ஏறவில்லை. மலைமேல் இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பிரிவில் சேர்ந்தேன். எட்டாவதுக்கு அதுதான் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கினேன். அங்கே மாணவர் மன்றம் என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரிடமும் வசூல் செய்து யாருக்காவது ஏதாவது உதவி செய்யும். பிறகு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும்.

நான் சேர்ந்த வருஷம் கீழே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் அன்றைக்கே வேறு ரெண்டு கூட்டம் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அங்கே இருந்த பாட்டி ஒருத்தி என் கையைப் பிடித்து, “யப்பா, நீங்க சாப்ட்டீங்களா? இந்தாங்க” என்று ரொட்டி கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லார் கையிலும் ரொட்டி.

அடுத்த வருஷம்தான் சண்டை வந்தது.

மன்றக் கூட்டம் எங்கள் வெல்டிங் ஷெட்டில் நடக்கும். அங்கேதான் இடம் இருந்தது. தலைவர் செல்வி. கம்ப்யூட்டர் பிரிவு, ஆலங்காயத்துப் பெண். அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருக்கிறவன் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொள்வான். மன்றத்துக்குப் பொறுப்பாக ஒரு சார் இருந்தார். நல்லவர். ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் உயிர்.

இந்த வருஷம் குழந்தைகள் இல்லத்துக்குப் போவது என்று சாரும் செல்வியும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். வண்டியும் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் கை தூக்கினால் வேலை முடிந்தது. அப்போது கோவிந்தன் எழுந்தான். எலக்ட்ரீஷியன் பிரிவு. என் அறைக்காரன். மலையிலேயே பிறந்தவன்.

“நம்ம ‘பதிலுக்கு’ வூட்டுக் கூரை காத்துல பூடுச்சு. அவருக்குப் போட்டுக் குடுக்கலாம்” என்றான்.

செல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அவர் இன்னா, வயசானவரா?”

“இல்ல. மூட்ட தூக்கறார்.”

“கை கால் இல்லாதவரா?”

“கை கால் இல்லாம எப்டி மூட்ட தூக்குவாரு?”

“அப்ப எதுல சேர்த்தி?”

“மழையில நனையறார். அதுல சேர்த்தி.”

ஷெட்டில் சிரித்தார்கள். சார் கையைக் காட்டி அடக்கினார்.

“தம்பி, தர்மம்னா குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வரணும். அவருக்குக் குடுத்தா நாம திரும்பறதுக்குள்ள கையில எதையாவது திணிச்சுடுவாரு. அது தர்மம் இல்ல, வியாபாரம்.”

“அவர் கைய கட்டிட்டுக் குடுக்கலாம் சார்” என்றான் பின்னால் ஒருத்தன்.

அன்றைக்கு முடிவு ஆகவில்லை. அன்றிலிருந்து ஹாஸ்டல் ரெண்டாகப் பிரிந்தது. கூரைக் கட்சி, இல்லக் கட்சி. சாப்பாட்டு அறையில் தனித்தனி வரிசை. சாம்பார் ஊற்றுகிற பையன் இல்லக் கட்சி. கூரைக் கட்சிக்கு மேலே இருக்கிற தண்ணீர்தான் விழுந்தது. கத்தரிக்காயைக் கண்ணால் பார்த்தோம். நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்ததால் எனக்கும் தண்ணீர்தான்.

முதலில் அவரையே கேட்டுவிடலாம் என்று கோவிந்தன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். சந்தைக்குப் பின்னால் அவர் வீடு. மண் சுவர் நாலு நின்றது. மேலே வானம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடையை அடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சோறு கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பு நனையவில்லை. அவர் நனைந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, மன்றத்துல உங்களுக்குக் கூரை போட்டுத் தர்றோம்” என்றான் கோவிந்தன்.

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி முகம் போனது.

“சும்மான்னா வேணாம்ணா.”

“மழக்காலம் வருதுண்ணா. எப்டிப் படுப்பீங்க?”

“அண்ணா, நீங்க எத்தினி பேரு! அத்தினி பேருக்கும் நான் பதிலுக்கு இன்னா செய்வேன்? இப்ப நனஞ்சிக்கினாவது தூங்கறேன். கூரை போட்டுட்டீங்கன்னா அதுவும் போய்டும்.”

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கொய்யா கொடுத்தார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். “வந்து கேட்டீங்க இல்ல” என்றார்.

செய்தி வந்ததும் செல்வி சிரித்தாள். “பாத்தியா? அவரே வேணாம்னுட்டாரு. மேட்டர் முடிஞ்சிது. எதுக்கும் நானும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். அப்புறம் தலைவர் போய்ப் பாக்கலன்னு இவனுங்க பேசுவானுங்க.”

போனாள். போன இடத்தில் பெரிய மழை பிடித்துக்கொண்டது. அவளும் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறாள். அவர் விடவில்லை. குடையை அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு அடுப்பு அணைந்துபோனது. மறுநாள் செல்வி குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அதே குடை. துப்பட்டாவில் கொய்யா மூட்டை. முகம் சிவந்திருந்தது.

“இன்னா ஆச்சு?” என்றான் கோவிந்தன்.

“குடுத்தது குடுத்ததுதான்னு குடைய வாங்க மாட்றாரு. நடந்து கொண்டாந்ததுக்குப் பதிலுக்குன்னு கொய்யா வேற குடுக்கறாரு. நான் இன்னா, கொய்யா வியாபாரமா பண்றேன்?” காலால் தரையை உதைத்தாள். “எங்க ஆயா, எங்க அப்பா, ஸ்கூல் ஹெட்மாஸ்டர், யாருகிட்டயும் நான் தோத்தது இல்ல. இந்த ஆளுகிட்ட தோத்துட்டு வர்றதா? கூரை போட்டே ஆகணும். அவர் வாங்கியே ஆகணும்.”

இல்லக் கட்சியின் தலைவி கூரைக் கட்சிக்கு வந்துவிட்டாள். சாம்பார் பையன் குழம்பிப்போனான். யாருக்குக் கத்தரிக்காய் போடுவது என்று தெரியாமல் ஒருநாள் பூராவும் எல்லாருக்கும் போட்டான்.

மறுபடியும் கூட்டம். கூரை என்று ஆகிவிட்டது. எப்படி வாங்க வைப்பது என்பதுதான் பேச்சு. அவர் சந்தைக்குப் போயிருக்கும்போது போட்டுவிடலாம் என்றான் ஒருத்தன். வந்து பிரித்துப் போட்டுவிடுவார் என்றான் இன்னொருத்தன். யார் செய்தது என்று சொல்லாமல் விடலாம் என்றார்கள். அப்புறம் ஊருக்கே பதிலுக்குச் செய்ய ஆரம்பித்துவிடுவார் என்றார் சார். அதுவும் நிஜம்தான்.

அந்த வருஷம் பூராவும் மன்றத்தில் நான் பேசியது ஒரே ஒரு தடவை. “எங்க ஊர்ல மாத்தாள் போவாங்க” என்றேன்.

“அப்டின்னா?” என்றாள் செல்வி. அவள் வீட்டில் நிலம் இல்லை.

கோவிந்தன் சொன்னான். இன்றைக்கு என் நிலத்துக்கு நீ ஒருநாள் வேலைக்கு வந்தால் நாளைக்கு உன் நிலத்துக்கு நான் ஒருநாள் வருவேன். கூலி கிடையாது. மத்தியானம் சோறு மட்டும். களை எடுப்பு, அறுப்பு, கூரை வேய்வது எல்லாம் இப்படித்தான் நடக்கும். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

செல்வி எழுந்து நின்றாள். “அதான். நாம ஆளுக்கு ஒரு நாள் போறோம். அவர் நம்ம வூட்டுக்கு ஆளுக்கு ஒரு நாள் வருவாருன்னு சொல்லிடலாம்.”

சார் வருத்தமாக, “அப்போ அது தர்மம் இல்லையேம்மா” என்றார்.

“சார், உங்களுக்குப் பேர் வேணுமா, கூரை வேணுமா?”

சாருக்கு ரெண்டும் வேண்டியிருந்தது. ஆனால் செல்வியிடம் சொல்லவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னோம்.

“ஆளுக்கு ஒரு நாளா?”

“ஆளுக்கு ஒரு நாள்.”

“நான் வந்தா வேல குடுக்கணும். அப்புறம் ஏமாத்தக் கூடாது.”

“குடுப்போம்ணா.”

நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

“வேல சரி. தகரம்?” என்றார். தகரம் மன்றத்து வசூலில் வாங்குவது. அதற்கு மாத்து எப்படி? அன்று சாயங்காலமே அவர் தன்னுடைய ஆட்டை இழுத்து வந்து எங்கள் ஷெட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் இருந்தது அந்த ஒரு ஆடுதான். திருப்பிக் கட்டப் போனால் கதவைச் சாத்திக்கொண்டார். கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு மட்டும் இருந்தது. ஆடு எங்களோடு தங்கியது. அதைக் குழம்பு வைப்பதா வளர்ப்பதா என்று மன்றத்தில் அடுத்த சண்டை. வளர்ப்பது என்று செல்வி சொன்னாள். அதோடு முடிந்தது.

கூரை போட்ட அன்றைக்கு வகுப்பு இல்லை என்று அறிவித்தார்கள். அதனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். இத்தனூண்டு வீட்டுக்கு இவ்வளவு ஆள் வேண்டியதே இல்லை. நாங்கள் வெல்டிங் ஆட்கள் கம்பிச் சட்டம் அடித்தோம். தச்சுப் பிரிவு அது கோணல் என்றது. நாங்கள் சுவர்தான் கோணல் என்றோம். ரெண்டும் கோணல்தான். பாதிப் பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் தகரத்தின் மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்தார்கள். சார் குடையைப் பிடித்துக்கொண்டு, “அங்க பிடி, இங்க பிடி” என்றார்.

‘பதிலுக்கு’ சாமைச் சோறு பொங்கி எல்லாருக்கும் போட்டார். போடும்போது ஒவ்வொருத்தர் முகத்தையும் உற்றுப் பார்த்து, “உங்க வூடு எங்கண்ணா?” என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம். எல்லாரும் ஊர், தெரு, பக்கத்தில் என்ன கோயில் என்று விவரமாகச் சொன்னார்கள். செல்வி பஸ் நம்பர்கூடச் சொன்னாள்.

சாரையும் கேட்டார்.

“நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன்பா.”

“நின்னீங்க இல்ல? நின்னது நின்னதுதான்.”

சார் ஆசையாக ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்திருந்தார். ‘ஏழைக்குக் கூரை தந்த மாணவர் மன்றம்’ என்று போட்டிருந்தது. நடுவில் சார் படம், கும்பிட்டபடி. ‘பதிலுக்கு’ அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “யாருண்ணா அந்த ஏழை?” என்று கோவிந்தனைக் கேட்டார். கோவிந்தன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். சாயங்காலம் பார்த்தால் மேற்குச் சுவரில் சாரல் அடிக்கிற ஓட்டைக்கு அந்த ஃப்ளெக்ஸை அடைத்திருந்தார். எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. சார் மட்டும் உள்பக்கமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு எல்லாரும் மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை.

சந்தை இல்லாத நாளில் கிளம்பிவிடுவார். துண்டில் அரிவாளைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். விடிகிறபோது யார் வீட்டு வாசலிலாவது நிற்பார். ஒருத்தன் வீட்டில் வேர்க்கடலை பிடுங்கினார். ஒருத்தன் வீட்டில் வேலி கட்டினார். கோவிந்தன் வீட்டில் சாமை அறுத்தார். மத்தியானச் சோறு வாங்கிக்கொள்வார். அது முறை. யாராவது அன்பாக மோர் கொடுத்துவிட்டால் அதற்குத் தனியாக விறகு பிளப்பார். இது தெரிந்த வீடுகளில் மோரைக் காட்டியே விறகு பிளந்துகொண்டார்கள்.

செல்வியின் அப்பாவுக்கு மொபைல் கடை. அங்கே என்ன வேலை? நாள் பூராவும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். உள்ளே வருகிறவர்களின் ஃபோனையும் பிடுங்கித் துடைத்தார். ஒருத்தன் திருடன் என்று கத்திவிட்டான். செல்வி எனக்கு ஃபோன் செய்து திட்டினாள்.

“மாத்தாள்னு வாயத் தொறந்தியே! எங்க அப்பா என்னய வூட்ட வுட்டுத் தொரத்துறாரு!”

சார் வீட்டில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். சார் சம்சாரத்துக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. “அந்த அண்ணன் பாருங்க, சொல்லாமலே செய்யறாரு. நீங்களும் இருக்கீங்களே” என்று அதற்குப் பிறகு தினமும் ஆரம்பித்துவிட்டதாம்.

செல்ஃபி மட்டும் எடுத்தவர்கள் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்கள். ஒருத்தன் சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இவர் அங்கேயும் போனார். கம்பெனி வாசலில் நின்று, “அந்த அண்ணாவுக்குப் பதிலா இன்னிக்கு நான் செய்யறேன், அவர வூட்டுக்கு அனுப்புங்க” என்று செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறார். செக்யூரிட்டி தடியை எடுத்துவிட்டார். பையன் ஓடிவந்து லீவு போட்டு, ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏழு பசங்கள் இருக்கிற ரூம். அதைப் பெருக்கித் துடைத்துத் துணி எல்லாம் துவைத்துப் போட்டார். ரூமில் இருந்தவர்கள், “மச்சி, அந்தக் கூரைய இன்னொரு தடவ போட்டுட்டு வாடா” என்றார்களாம்.

சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

“உடம்பு தூக்கறப்பவே முடிச்சுடணும்ணா. இல்லன்னா அந்தக் கூரைக்குக் கீழ எப்டிப் படுக்கறது? அது இன்னும் என்னுது ஆவலயே.”

என்னிடம் கடைசியாக வந்தார். அதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆகி, ஆலங்காயத்தில் சின்னதாக வெல்டிங் கடை வைத்திருந்தேன். இரும்பு கேட் ஒன்றின் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நெருப்பைப் பார்க்கக் கூடாது என்றேன். பார்த்தார். “அழகா கீதுண்ணா” என்றார். சாயங்காலம் கண் ரெண்டும் வீங்கிவிட்டது. மருந்துவிட்டு, வீட்டிலேயே படுக்க வைத்தேன். என் சம்சாரம் கஞ்சி கொடுத்தாள்.

கண் திறந்ததும் அழுகிற குரலில் சொன்னார். “எல்லாருதும் முடிஞ்சிது. உங்கிட்ட வந்து கடன் ஏறிப்போச்சேண்ணா.”

அந்தக் கஞ்சிக்கும் மருந்துக்கும் பதில் செய்ய அடுத்த சாமை அறுப்பு முடிந்து வந்தார். வந்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். ஒரு கல்யாண மண்டபத்துத் தகரக் கூரையில் இருந்து விழுந்து கால் உடைந்திருந்தது. கடை மூடியிருந்தது. அவர் கட்டிலைப் பார்த்தார், காலைப் பார்த்தார். துண்டை ஆணியில் மாட்டினார்.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் போகவில்லை. பின்பக்கம் போக வேண்டும் என்றால் தூக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் முதுகில் போட்டுக்கொண்டு பஜார் வழியாகவே நடந்தார். சந்தை மூட்டை மாதிரித்தான் பிடிப்பார். நான் வழியில் இருமினேன்.

“அண்ணா, இருமுறதுன்னா முன்னாலயே சொல்லு. மூட்ட இருமாது. எனக்குப் பழக்கம் இல்ல.”

எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். என் சம்சாரம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். “உங்க அம்மாகூட உங்கள இப்டித் தூக்கியிருக்க மாட்டாங்க” என்றாள். அந்த முதுகில் இருந்து என்ன சொல்வது?

நான் ஊன்றி நடந்த அன்றைக்குத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“சரியாப் போச்சாண்ணா?”

“ஏறிப்போச்சு” என்றேன். “இப்ப என் பக்கம்.”

அவர் சிரித்து நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்தால் அந்த முதுகு ஞாபகம் வந்தது. கால் சரியானதும் மலைக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நின்று, “மாத்துக்கு வந்திருக்கேன். வேல குடுங்க” என்றேன்.

“வேல ஒண்ணும் இல்லண்ணா. போய்ட்டு அப்புறமா வா.”

அடுத்த தடவை போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், “இப்பதான், நீங்க பஸ்ஸ வுட்டு எறங்கறதப் பாத்துட்டுப் பின்பக்கமா ஓடுனாரு” என்றார்.

மூன்றாவது தடவை சந்தை நாளாகப் பார்த்துப் போனேன். பஸ் மேலே நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓட வழி இல்லை. ஏணிக்குக் கீழே நின்றுகொண்டேன்.

“வேல குடுக்காம போக மாட்டேன்.”

“இன்னாண்ணா நீ, இப்டி உயிர எடுக்கற!”

“உங்ககிட்ட கத்துக்கினதுதான்.”

மேலே நின்றபடியே சுற்றும் முற்றும் பார்த்தார். வேலை தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு இறங்கிவந்து, ஒரு மூட்டையை இழுத்து ஓரமாக வைத்தார். “இத்தப் பாத்துக்கினு உக்காரு. யாரும் தொடாம பாத்துக்கோ” என்றார். போய்விட்டார்.

நாள் பூராவும் அந்த மூட்டைக்குக் காவல் இருந்தேன். வெயில் ஏறியது. ஆடு ஒன்று வந்து முகர்ந்தது, துரத்தினேன். சந்தை கலைந்தது. கடைசி பஸ்ஸுக்கு ஆள் ஏற ஆரம்பித்தபோது வந்தார்.

“பத்திரமா கீதா?”

“கீது.”

“சரி, எடுத்துக்கினு போ. உனக்குத்தான். புதுச் சாமை. உன் சம்சாரத்தாண்ட குடு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப இன்னிக்கு நான் செஞ்ச வேல?”

“அதுக்குக் கூலிதான் இது.”

“அப்ப என்னை முதுகுல தூக்குனது? அது அப்டியே நிக்கிதே?”

அவர் மூட்டையைத் தூக்கி பஸ் மேலே போட்டார். கையைத் தட்டிக்கொண்டார்.

“இருக்கட்டும்ணா” என்றார்.

அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. நானும் அந்த ஒரு தடவைதான் கேட்டேன். பஸ் கிளம்பிவிட்டது. ஏறிக்கொண்டேன்.

இன்னும் என் பக்கம்தான் இருக்கிறது.